மொட்டையடித்த வேம்பும் ஆனிக் காற்றும்

வைகாசி பாதி கடந்ததும் பாளையங்கோட்டைத் தெருக்களில் மெஷின் ரம்பத்தின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர், என்.ஜி.ஓ. காலனி என்று ஒரு சுற்று வந்தால் வாசல்தோறும் வேப்பங்கொப்புகள் குவிந்து கிடக்கும். ஆடு வைத்திருப்பவர்கள் குழையை அள்ளிக்கொண்டு போவார்கள். நிமிர்ந்து பார்த்தால் மரத்தைக் காணோம். இரண்டு மூன்று கட்டைக் கைகளோடு ஒரு தூண் நிற்கும். ஆனிக் காற்று வருவதற்குள் வேலையை முடித்தாயிற்று என்று வீட்டுக்காரர் நிம்மதியாக டீ குடிப்பார்.

அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன். வீட்டு மரம் விழுந்தால் காற்றைக் குற்றம் சொல்கிறோம், மரத்தின் வயசைக் குற்றம் சொல்கிறோம். நான் பார்த்தவரையில், விழுந்த மரத்தின் தூரைத் தோண்டினால் அங்கே நம் கைவேலைதான் கிடக்கிறது: எப்போதோ வெட்டிய வேர், நெருக்கிப் போட்ட சிமென்ட், வருஷா வருஷம் அடித்த மொட்டை. எங்கள் வீட்டு வேம்பும் அப்படித்தான் போனது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் மறித்துவிடுகிறது. மலை தாழ்ந்திருக்கும் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் அதற்கு வாசல். குற்றாலத்துச் சாரலும் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளும் அந்த வாசல்கள் கொடுத்தவை. மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு வருவதால் திருநெல்வேலிக்கு மிஞ்சுவது காற்றும் தூசியும்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் இந்தக் காற்றில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனி, ஆடி இரண்டு மாதமும் மேற்கிலிருந்தே அடிக்கும். கன்றாக இருந்த காலத்திலிருந்தே மரம் அதைத் தாங்கிப் பழகுகிறது. தண்டு வளைகிற இடத்தில் கூடுதலாகக் கட்டை வைக்கிறது. மேற்குப் பக்கத்து வேர்கள், கூடாரத்தின் இழுகயிறு போல மரத்தைப் பிடித்து இழுத்து இழுத்தே தடிக்கின்றன. தேரிக்காட்டுப் பக்கம் உடைமரங்கள் கிழக்கே சாய்ந்து வளர்ந்து, அப்படியே ஆடாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதிலிருந்தே சாய்ந்த மரத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. போன வாரம் நேராக நின்று இந்த வாரம் சாய்ந்திருக்கும் மரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும், அதுவும் தூரைச் சுற்றி மண் வெடித்தோ ஒரு பக்கம் தூக்கியோ இருந்தால் அன்றைக்கே.

மரம் பழகாத காற்று இரண்டு. சித்திரை, வைகாசிக் கோடை மழையின்போது இடியோடு திடீரென்று எந்தப் பக்கமிருந்தும் இறங்குவது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது இன்னொன்று. அதில் மண்ணும் ஊறியிருக்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது, காற்றுக்குப் பேர்போன குமரி மாவட்டத்திலேயே ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஊறிய மண் வேரைப் பிடித்து வைக்காது. லேசான காற்றே போதும். ஆக, ஆனிக் காற்றைத் தாங்கிவிட்டது என்பதால் கார்த்திகையையும் தாங்கும் என்று கணக்குப் போட முடியாது.

சரி, மொட்டையடிப்பதில் என்ன தப்பு? கொப்பு இல்லாவிட்டால் காற்றுப் பிடிக்காதே?

இந்த வருஷம் பிடிக்காது, உண்மைதான். ஆனால் இலைதான் மரத்துக்கு அடுப்படி. எல்லா இலையையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால், தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கும் சத்தைச் செலவழித்து அவசர அவசரமாகத் துளிர்க்கும். பட்டைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளிலிருந்து, வெட்டிய விளிம்பைச் சுற்றிக் கொத்தாகக் கிளம்பும் துளிர்கள் அவை. வீட்டுக்காரர் பார்த்து, பரவாயில்லையே, நன்றாகத் தழைத்துவிட்டதே என்பார். பிறந்தது முதல் தண்டோடு சேர்ந்து வளர்ந்த கொப்புக்கு அடிப்பகுதி தண்டின் உள்ளே வருஷத்துக்கு வருஷம் பின்னிக்கொண்டே போயிருக்கும். இந்தத் துளிருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது, மேல்கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கிடையே வெட்டிய முகம் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே உளுக்கத் தொடங்கும். ஐந்தாறு வருஷத்தில் அந்தத் துளிர் தொடைத் தடிமன் ஆகி, உளுத்த விளிம்பில் தொங்கிக்கொண்டு நிற்கும். அது ஒடிந்து விழுந்ததும், வேப்பமரமே ஆபத்து என்று மறுபடியும் மொட்டை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு முருங்கை மேல்தான் சந்தேகம். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும் என்பார்கள். பிள்ளை விஷயத்தை விடுங்கள். முருங்கைக்கு அது சரி. கட்டை மெத்தென்று இருக்கும், புதுக் கொப்பில்தான் காய் நன்றாகப் பிடிக்கும், உயரம் போனால் தொரட்டி எட்டாது. ஒடித்தால்தான் பிழைப்பு. வேம்பும் புங்கையும் வாகையும் முருங்கை இல்லை.

வெட்ட வேண்டியதை எப்படி வெட்டுவது? கொப்பு தண்டோடு சேருமிடத்தை உற்றுப் பாருங்கள். சட்டைக் காலர் மாதிரி ஒரு புடைப்பு வளையம் தெரியும். காயத்தை மூடுகிற வேலை அந்த வளையத்திலிருந்துதான் தொடங்கும். அதையும் சேர்த்துத் தண்டோடு ஒட்ட வழித்தெடுக்கக் கூடாது. ஒரு முழம் விட்டு முளைக்கம்பு மாதிரி நிறுத்தவும் கூடாது. வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி வெட்ட வேண்டும். கனத்த கொப்பு என்றால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கமிருந்து கொஞ்சம், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுக்க, கடைசியில் மிச்சமிருக்கும் கட்டையை வளையத்தருகே. முதல் வெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால், கொப்பு பாதியில் ஒடிந்து தண்டின் பட்டையை ஆள் உயரத்துக்கு உரித்துக்கொண்டு வரும். இதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1970களில் ஒரு விஷயத்தை விளக்கினார். நம் தோல் ஆறுகிற மாதிரி மரம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அதற்கு வெளியே புதுக் கட்டை வளர்த்துக்கொள்கிறது. சின்ன வெட்டு என்றால் சுவர் சீக்கிரம் முடியும், பெரிய வெட்டு என்றால் முடிவதற்குள் உளுப்பு முந்திவிடும். அதனால்தான் ஒரு தடவைக்குக் கால்பங்கு இலைக்கு மேல் எடுக்க வேண்டாம், தடித்த கொப்பில் கை வைக்க வேண்டாம் என்பதெல்லாம். வெட்டுவாயில் தாரோ பெயிண்டோ சாணியோ பூசுவதால் உளுப்பு நிற்பதில்லை. பூசினவருக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

தென்னையும் பனையும் தனி ஜாதி. அவற்றின் தண்டு பட்டைக்கடியில் ஆண்டுதோறும் புதுக் கட்டை போட்டுத் தடிப்பதில்லை, ஆகவே தண்டில் விழுந்த காயம் கடைசிவரை காயமாகவே இருக்கும். ஏறுவதற்கு வசதியாகத் தென்னையில் படி செதுக்குவது, விளக்குக் கட்ட ஆணி அடிப்பது எல்லாம் சிவப்புக் கூன்வண்டுக்கு அழைப்பு அனுப்புவதற்குச் சமம். காயத்தின் வாசனைக்கு வந்து முட்டையிடும். தண்டில் ஓட்டை, அதில் பழுப்புக் கசிவு, மென்று துப்பிய நார், காதை வைத்துக் கேட்டால் கறுக்குமுறுக்கென்ற சத்தம். இதெல்லாம் தெரிந்தபின் அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். குருத்துப் போனால் தென்னைக்கு இன்னொரு குருத்து கிடையாது. தலை அப்படியே முறிந்து விழும்.

இப்போது எங்கள் வேம்பு. வீட்டுக்கு மேற்கே, காம்பவுண்டை ஒட்டி நின்றது. அப்பா இருந்தபோது காம்பவுண்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய கொத்தனார், குறுக்கே வந்த இரண்டு தடித்த வேர்களை வெட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு தோண்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் முற்றத்துக்குப் பேவர் பிளாக் போட்டபோது தூரைச் சுற்றி ஒரு சாண்கூட விடாமல் நெருக்கிப் போட்டோம். குப்பை சேராது, பார்க்க லட்சணமாக இருக்கும் என்று. வருஷா வருஷம் வைகாசியில் மொட்டை. ஒரு தடவை வழக்கமாகத் தேங்காய் பறிக்க வருகிறவரை, வேம்பையும் கொஞ்சம் கழித்துவிடச் சொன்னேன். அவர் ஏறவில்லை. கீழே குத்தவைத்து, அரிவாள் நுனியால் தூரைக் குத்திக்கொண்டே இருந்தார்.

“கொப்ப வெட்டச் சொல்லுதீய அண்ணாச்சி, மூட்டப் பாத்தீயளா?”

நுனி நாலு விரல் உள்ளே போனது. அரிவாளைத் திருப்பித் தண்டைத் தட்டினார். ஒரு பக்கம் கெட்டியாகக் கேட்டது, வடக்குப் பக்கம் பானையைத் தட்டினது போல். இதில் நான் ஏற மாட்டேன், வேறு யாரையும் ஏற்றவும் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தேங்காயை மட்டும் பறித்துப்போட்டுப் போனார். இருபது வருஷம் அந்த மரத்தின் உச்சியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். கெட்டுப்போனது காலடியில்.

வேர் கீழ்நோக்கி ஆழமாகப் போகிறது என்று நினைக்கிறோம். சத்தும் தண்ணீரும் எடுக்கிற வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்தான், கொப்பின் நிழலையும் தாண்டிப் பரந்து கிடக்கிறது. பாளையங்கோட்டைச் சரள் மண்ணில் இன்னும் மோசம். சரளை உடைத்துக் குழி எடுத்து நட்ட மரம், அந்தக் குழியையே தொட்டியாக நினைத்து வேரைச் சுருட்டிக்கொள்ளும். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கோடையில் வெடித்து, மழையில் உப்பி, வேரை இழுத்து இழுத்து விளையாடும். பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய்ப் பாசனத்தில் வயலாக இருந்து மனையான இடங்களில் வேறு கதை. மூன்றடி நாலடி செம்மண் அடித்து மேடாக்கும்போது, அங்கே முன்பே நின்ற தென்னையும் மாவும் கழுத்துவரை புதைந்துவிடுகின்றன. மாமரத்தின் அடிப்பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும், வேருக்குக் காற்றுக் கிடைக்காது. உடனே தெரியாது, நாலைந்து வருஷம் கழித்து உச்சி காயும்போது மண் அடித்ததை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. தூரைச் சுற்றி இரண்டு மூன்று அடி வெறும் மண்ணாக விட்டால் வீட்டின் அழகு கெட்டுவிடாது. காம்பவுண்டு வேர்மேல் போக வேண்டியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் வானம் தோண்டாமல் இரண்டு பக்கமும் தூண் நிறுத்தி, மேலே பீம் போட்டுத் தாண்டிவிடலாம். கொத்தனாரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவசரப்பட்டு வெட்டக் கூடாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு. சில வருஷங்களாக மழைக்காலம் முடிந்ததும் வேப்பமரங்கள் நெருப்பில் வாட்டியதுபோல நுனிக்கொப்பெல்லாம் காய்ந்து நிற்கின்றன. தேயிலைக் கொசுப்பூச்சி துளிரை உறிஞ்சுகிறது, கூடவே ஒரு பூஞ்சை நுனியைக் கருக்குகிறது. பட்டுப்போய்விட்டது என்று விறகுக்காரரைக் கூப்பிடாதீர்கள். கொப்பின் தோலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பல மரங்கள் மறுபடி துளிர்த்துவிடுகின்றன.

எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவானால், முதலில் அது யாருடைய மரம் என்று பார்க்க வேண்டும். பட்டா மனையில் நிற்கும் வேம்பு, மா, தென்னைக்குச் சமவெளியில் பொதுவாக வனத்துறைச் சிக்கல் இல்லை. சந்தன மரம் அப்படியில்லை: 2002-க்குப் பிறகு நம் நிலத்தில் வளர்க்கலாம், ஆனால் வெட்டி விற்பது வனத்துறை வழியாக மட்டுமே. ஈட்டிக்கு 2025 தொடக்கம்வரை தனிச் சட்டமே இருந்தது; இப்போதைய நிலையை வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தேக்கை வெட்டி வெளியே கொண்டுபோவதற்கு முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும். பனைக்கு, 2021-ல் வந்த வேளாண் பட்ஜெட் அறிவிப்பிலிருந்து கலெக்டர் அனுமதி வேண்டும். வாசலுக்கு வெளியே, சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிற்பது நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்ததாகவே இருந்தாலும் உங்களுடையது ஆகாது. பொது இட மரத்தை எடுக்கும் கோரிக்கைகளைக் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு பார்க்கிறது. கிராமத்தில் புறம்போக்கில் மரம் வைத்து 2சி பட்டா வாங்கியிருப்பவர்களுக்கும் கிடைத்திருப்பது பலனை அனுபவிக்கிற உரிமைதான், நில உரிமை இல்லை.

பக்கத்து வீட்டு மரம் நம் ஓட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது, அவரோ கேட்க மாட்டேன் என்கிறார் என்றால்? சண்டை போட வேண்டாம். விழுந்து ஆளுக்குச் சேதம் வரக்கூடிய நிலையில் இருக்கும் மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவிடலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் அது 152-ஆம் பிரிவு. கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போட்டோவோடு ஒரு மனு. பல இடங்களில் மனு போனது தெரிந்ததுமே பக்கத்து வீட்டுக்காரர் விறகுக்காரரோடு பேச ஆரம்பித்துவிடுவார்.

வெட்டுகிற வேலையில் முதல் எதிரி கரண்ட். பச்சைக் கொப்பும் நனைந்த கயிறும் கரண்டைக் கடத்தும். தெருவில் போகிற 11,000 வோல்ட் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். இரும்புக் குழாயில் செய்த தொரட்டி, அலுமினிய ஏணி இரண்டையும் கம்பி போகிற பக்கம் எடுக்கவே கூடாது. மின்வாரிய ஆபீஸில் எழுதிக் கொடுத்தோ மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லியோ லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். பேப்பரில் இன்று மின்தடை என்று போட்டிருக்கிறது, அதனால் தைரியமாக வெட்டலாம் என்று நினைப்பது பெரிய தப்பு. வேலை சீக்கிரம் முடிந்தால் சொல்லாமலே லைன் வந்துவிடும். எவர் வீட்டு ஜெனரேட்டராவது தப்பாக இணைத்திருந்தால் செத்த கம்பியிலும் உயிர் வரும். லைன்மேன் நேரில் வந்து, நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது எடை. அரை மீட்டர் தடிமனும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைத் துண்டு கிட்டத்தட்ட 200 கிலோ இருக்கும். இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்று நினைக்கிற துண்டு அது. தெரிந்தவர்கள் அதைக் கையில் பிடிப்பதில்லை. மேலே கெட்டியான ஒரு கவட்டையில் வடத்தைப் போட்டு, கீழே இன்னொரு மரத்தின் தூரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த உராய்வில் மெதுவாக விட்டு இறக்குவார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிற ஆளைப் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

முழு மரத்தையும் ஒரே வீச்சில் சாய்ப்பதற்கு மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் சுற்றிலும் ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். ஐந்து சென்ட் மனையில் அது எங்கே? தோட்டத்தில் இடம் இருந்தால், விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வாய் எடுப்பார்கள், தடிமனில் கால்பங்குக்குள். பின்பக்கத்திலிருந்து அதற்குச் சற்று மேலே அறுத்து வந்து, நடுவில் பத்தில் ஒரு பங்கை வெட்டாமல் விடுவார்கள். கதவுக்குக் கீல் போல, வெட்டாமல் விட்ட அந்தக் கட்டைதான் மரத்தைத் திசை மாறாமல் இறக்கும். உள்ளே உளுத்த மரத்தில் அந்தக் கீலே இருக்காது. எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வேம்பில் தேங்காய் பறிக்க வந்தவர் ஏற மறுத்தது இதனால்தான். கடைசியில் கூடை வைத்த கிரேன் கொண்டுவந்து, உச்சியிலிருந்து துண்டு துண்டாக எடுத்தோம். வெட்டுக்கூலியைவிட வண்டி வாடகைதான் அதிகம்.

இங்கே மர வியாபாரியின் கணக்கையும் புரிந்துகொள்வது நல்லது. அவருக்கு டன் கணக்கில் விறகு வேண்டும், இருட்டுவதற்குள் லோடு ஏற வேண்டும். புளிக்கும் வேம்புக்கும் அவர் நமக்குக் காசு கொடுப்பார், தென்னைக்கு நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். காசு கொடுத்து எடுத்துப்போகிறவர் உங்கள் ஓட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் காப்பாற்றுவதற்காக அரை நாள் கூடுதலாகச் செலவழிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓடு உடைந்தால் யார் பொறுப்பு, தூரையும் எடுப்பாரா என்பதை ரம்பம் ஓடுவதற்கு முன் பேசிவிட வேண்டும். இன்னொன்றையும் கூசாமல் கேளுங்கள்: ஏறுகிற ஆளுக்கு இடுப்புக் கயிறு உண்டா, உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்திலோ பனைமரத் தொழிலாளர் நல வாரியத்திலோ பதிவு செய்திருக்கிறாரா? கூலியில் நூறு ரூபாய் பேரம் பேசுகிற நாம் இதைக் கேட்பதே இல்லை.

நாம் செய்யக்கூடிய வேலை, தரையில் நின்று கைவாளால் அறுக்க முடிகிற கொப்பு வரைக்கும்தான். ஏணியில் ஏறிக்கொண்டு மெஷின் ரம்பத்தைப் பிடிப்பது அனுபவப்பட்டவர்களே செய்யாத காரியம்.

வெட்டியபின் மிஞ்சுகிற தூருக்கு உப்பைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தூர் சாகிறதோ இல்லையோ, மண் கெட்டுவிடும். இடம் வேண்டுமென்றால் தோண்டி எடுங்கள், இல்லையென்றால் மண்ணுக்குக் கீழே மட்டமாக அறுத்து மூடிவிட்டால் தானே மக்கும். தென்னைக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அறுத்த துண்டை வேலி ஓரம் உருட்டிவிட்டால், உளுக்கும் கட்டைக்குள் காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தும். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுத் தென்னையின் குருத்தோலை விசிறி மாதிரி வெட்டுப்பட்டு விரியும். தென்னைத் துண்டைப் பிளந்து வெயிலில் காயப்போட்டு விறகாக்கிவிட வேண்டும். எங்கள் தெருக்கோடியில் இரண்டு வருஷமாக அப்படி நாலு துண்டு கிடக்கிறது, திண்ணை மாதிரி. சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் பெரியவர்கள், தென்னையெல்லாம் ஏன் இப்படிப் போகிறது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.